கழற்றிப் பழக எந்த வண்டி?

எஞ்சின் வேலை கற்றுக்கொள்ள ஒரு பழைய வண்டி வாங்கலாம் என்று நண்பர்கள் பேச ஆரம்பித்தால் போதும், அரை மணி நேரத்துக்குள் கட்சி பிரிந்துவிடும். எங்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு பிழைப்பு. ஆனால் ராத்திரி சாப்பாடு முடிந்து போனில் கூடினால் பேச்சு கார்புரேட்டர், சால்டரிங் அயர்ன், பழைய டேப் ரெக்கார்டர், பம்பு செட் என்றுதான் போகும். இந்த முறை கேள்வியைப் போட்டவன் எங்களில் இளையவன், திருச்சித் தம்பி. “அண்ணே, கையில முப்பதாயிரம் இருக்கு. பழைய வண்டி ஒண்ணு எடுத்து முழுசாக் கழட்டி மாட்டிப் பாக்கணும். பிளக் மாத்துறதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது. எது எடுக்கலாம்?”

“ஆர்எக்ஸ் ஹண்ட்ரட் இருக்கும்போது இது ஒரு கேள்வியாடா?” என்றார் சேலத்து நண்பர். கோவைக்காரர் விடவில்லை. “புல்லட் எஞ்சினைத் திறந்து பாத்தவன்தான் மெக்கானிக்கு. மத்ததெல்லாம் பொம்மை” என்றார். மதுரை அண்ணன் நிதானமானவர். “எக்ஸ்எல் சூப்பர் எடுத்துக் குடுங்கப்பா, பையன் உருப்படியா ஏதாவது கத்துக்குவான்” என்றார். கியர் கூட இல்லாத டிவிஎஸ் மொபெட்டா என்று எழுந்த கூச்சல் அடங்கவே நேரமாயிற்று. நடுவில் யாரோ ஸ்ப்ளெண்டர் என்றார்கள். யார் காதிலும் விழவில்லை.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லோரும் சொன்னதிலும் விஷயம் இருந்தது. தம்பி சம்பளத்தில் மிச்சம் பிடித்து உண்மையாகவே பணத்தை எடுத்து வைத்திருக்கிறான். அதனால் ஒவ்வொரு வண்டியையும் நின்று பார்த்து எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அவனைப் போல யோசிக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

ஓட்ட வாங்கும் வண்டிக்கும் கழற்ற வாங்கும் வண்டிக்கும் கணக்கு வேறு. ஓட்டுவதென்றால் மைலேஜ், பிக்கப், சீட்டு, சத்தம் எல்லாம் பார்க்கலாம். கழற்றுவதென்றால் நான் பார்ப்பது மூன்றுதான். ஒரு பாகம் உன் கையால் உடைந்துபோனால், மறுநாள் காலையில் பக்கத்துக் கடையில் அது கிடைக்குமா? கிடைத்தால் அதை வாங்க மனம் கனக்காமல் இருக்குமா? மாட்டி முடித்து வண்டி கிளம்பாவிட்டால், எங்கே கோளாறு என்று ஒருவன் தனியாக உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிக்கிற அளவுக்கு எஞ்சின் எளிமையானதா? இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வண்டி சாக்கைப் போர்த்திக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய்விடும். பாதியில் நின்றுபோன வண்டிகள் நிற்காத தெருவே நம் ஊர்களில் இல்லை.

சேலத்து நண்பரின் கட்சியிலிருந்து தொடங்குகிறேன். யமஹா ஆர்எக்ஸ் 100 மேல் இருக்கும் காதலை யாரும் குறை சொல்ல முடியாது. 1985 கடைசியில் வந்தது, 1996இல் உற்பத்தி நின்றது. 98 சிசி, 11 குதிரைசக்தி, எடை நூறு கிலோவை ஒட்டித்தான். அந்தக் காலத்து நூறு சிசி வண்டிகளுக்கு நடுவில் இந்தச் சக்தியும் இந்த எடையும் சேர்ந்து என்ன செய்தன என்பதை ஒருமுறை இரண்டாவது கியரில் முறுக்கியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிலிண்டரின் உள் அகலமான போர் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கும் 50 மில்லிமீட்டர். சதுரமான, சின்ன, அழகான எஞ்சின்.

கற்றுத்தரும் விஷயத்திலும் அது சளைத்ததில்லை. இது டூ ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு வெடிப்பு; நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக்கில் தலையில் இருக்கும் வால்வு இதில் கிடையாது. பிஸ்டனே மேலும் கீழும் போகும்போது சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் என்ற வழிகளைத் திறந்து மூடுகிறது. பெட்ரோலும் காற்றும் முதலில் கீழே, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் இருக்கிற கிராங்க் கேஸுக்குள் வந்து, அங்கே அழுத்தம் வாங்கி, பக்கவாட்டு வழிகளில் மேலே ஏறுகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரீட் வால்வு என்று மெல்லிய தகடுகள் இருக்கின்றன. உள்ளே போன கலவை திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. இப்படியொரு ஏற்பாட்டில் கிராங்க் கேஸ் துளிக் காற்றும் கசியாமல் இருந்தாக வேண்டும். அதைக் காப்பது கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு ஆயில் சீல்.

அந்த இரண்டு சீலும் ஒரு பாடப் புத்தகத்துக்குச் சமம். இடது பக்கம், கரண்ட் தரும் மேக்னட் இருக்கும் பக்கத்து சீல் கிழிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் குறையும். ஐடிலிங் தானாக ஏறும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் எஞ்சின் இறங்காது, சூடு கூடும், அப்படியே ஓட்டினால் ஒருநாள் பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது சிலிண்டரோடு இறுகிப்போய், நிற்கும். வலது பக்கம், கிளட்ச் பக்கத்து சீல் போனால் கதை வேறு. கியர் பாக்ஸ் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கும். சைலன்ஸரில் வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும், பிளக் ஆயிலில் நனைந்து வரும், கியர் ஆயில் அளவு காரணமில்லாமல் குறையும். சீல் ஒரே மாதிரிதான், கிழிந்த பக்கத்தைப் பொறுத்து நோய் மாறுகிறது. புகையையும் பிளக்கையும் பார்த்து எந்தப் பக்கம் என்று எஞ்சினைத் திறக்கும் முன்பே சொல்லிவிடலாம். இப்படி யோசிக்கப் பழகியவனுக்குப் பிறகு எந்த எஞ்சினும் பயம் தராது.

ஆனாலும் தம்பிக்கு இது வேண்டாம். காரணம் விலை மட்டுமல்ல. நல்ல ஆர்எக்ஸுக்கு லட்சத்தைத் தாண்டிக் கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முப்பதாயிரத்துக்கு வருவது பெரும்பாலும் பேப்பர் இல்லாத வண்டியாக, இல்லை நாலு வண்டியிலிருந்து சேர்த்த வண்டியாக இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், ஏற்கெனவே பத்துப் பேர் கை வைத்திருப்பார்கள். வேகம் வேண்டும் என்று போர்ட்டை அரத்தால் ராவியிருப்பார்கள், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கடைந்திருப்பார்கள், சைலன்ஸரின் உள் குழாயை எடுத்திருப்பார்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றியிருப்பார்கள். கற்றுக்கொள்கிறவனுக்குச் சரியான நிலை எது என்று தெரிந்தால்தான் தவறிய நிலையை அடையாளம் காண முடியும். ஆர்எக்ஸில் அந்தச் சரியான நிலையே பல வண்டிகளில் காணாமல் போய்விட்டது. கடையில் கேட்டால் பாகம் கிடைக்கும், ஒரிஜினலா லோக்கலா என்பது போட்டு ஓட்டிய பிறகுதான் தெரியும். அப்புறம், இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியின் கிராங்கைப் பிரிக்க யாருக்கு மனம் வரும்? பயந்து பயந்து ஸ்பானர் பிடிக்கிற கை எதையும் கற்றுக்கொள்ளாது.

ஒன்று மட்டும் ஆர்எக்ஸ்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த எஞ்சின் கவரில் இருக்கும் கூட்டல்குறி ஸ்க்ரூக்களைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திருகாதீர்கள். வருஷக்கணக்காக இறுகியிருக்கும், தலை வழுக்கிப் போகும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தட்டில் இளகும்.

இனி புல்லட். கோவைக்காரர் சொன்னதில் எனக்கு மரியாதை உண்டு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து நம் மண்ணில் தொடங்கி, திருவொற்றியூரில் வளர்ந்த வண்டி. பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின், 346 சிசி, போர் 70, ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். நீண்ட ஸ்ட்ரோக் என்பதால்தான் அந்தத் துடிப்பு. எஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி. நடுவில் பிரைமரி செயின். ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரிகிற அளவில், கையில் எடுத்துப் பார்க்கிற அளவில் இருக்கும். வால்வைத் தள்ளும் புஷ் ராடைச் சரிசெய்ய ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் போதும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ராடை இரண்டு விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. கணக்கு அவ்வளவுதான், இடைவெளி அளக்கும் கேஜ் கூட வேண்டாம்.

கரண்ட் போக்கைக் காட்டும் அதன் அம்மீட்டரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஸ்பார்க்குக்காகக் கரண்டை விட்டு நிறுத்தும் பாயின்ட் வைத்த பழைய புல்லட்டில் சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாகக் கீழே அழுத்திக்கொண்டே அம்மீட்டரைப் பாருங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குக் கரண்ட் போகிறது, அதனால் முள் இடது பக்கம் சாய்ந்திருக்கும். பாயின்ட் திறந்த நொடியில் முள் நடுவுக்குத் துள்ளி வரும். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அந்த முள் சொல்கிறது. சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து உச்சியைக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டுவிட்டு, முழு மிதி. ஓட்டுகிறவன் வெறும் பழக்கமாகச் செய்கிற காரியத்தில் இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரக் கணக்கு, முழுவதும் அடங்கியிருக்கிறது. இப்படி எஞ்சினுக்குள் நடப்பதை வெளியிலேயே காட்டும் வண்டி வேறு எனக்குத் தெரியாது.

ஆனால் முதல் வண்டியாக, அதுவும் தனியாள் ஒருவனுக்கு, புல்லட் கனம். வண்டி 160 கிலோவுக்கு மேல். எஞ்சினை இறக்க இன்னொரு ஆள் வேண்டும், வைக்க உறுதியான மேசை வேண்டும். பழைய புல்லட்டில் பல நட்டுகள் பிரிட்டிஷ் விட்வொர்த் அளவு. நம்மிடம் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் பொருந்துவது போலத் தெரியும், அழுத்தினால் முனை மழுங்கிவிடும். டைமிங் பக்கத்தில் ஆயில் பம்பை ஓட்டும் வொர்ம் நட்டு இடது மரை. தெரியாமல் வழக்கம் போலத் திருப்பினால் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்குவோம், கடைசியில் ஒடிப்போம். பக்கத்தில் பழைய புல்லட் மெக்கானிக் ஒருவர் இருந்து, “தம்பி, அதை விடு” என்று சொல்ல ஆள் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். அப்படி ஆள் இருந்தாலும் முப்பதாயிரத்தில் புல்லட் வராது என்பது வேறு விஷயம். நாலு நண்பர்கள் பணம் போட்டு, ஒரு வீட்டில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிச் செய்வதற்கு அதைவிட நல்ல வண்டி இல்லை. எங்கள் கூட்டம் ஒரே ஊரில் இருந்திருந்தால் நானே முதல் பங்கைக் கொடுத்திருப்பேன்.

ஜாவா, யெஸ்டி பற்றியும் பேச்சு வந்தது. மைசூரில் ஐடியல் ஜாவா 1996 வரை செய்தது. 250 சிசி டூ ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர், கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. அழகுக்குக் குறைவில்லை. பாகம் தேடி அலைவதே தனி வேலையாகிவிடும் என்பதால் கற்றுக்கொள்கிறவனுக்குச் சரிப்படாது. ஏற்கெனவே வீட்டில் அப்பாவுடையது நின்றுகொண்டிருந்தால் மட்டும் தொடுங்கள். அம்பது வருஷம் தாண்டிய வண்டி என்றால் 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது; ஆனால் அப்படிப் பதிவானதைக் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது.

தஞ்சாவூர் நண்பர் ஒருவர் பழைய டீசல் பம்பு செட் எஞ்சினைச் சொன்னார். மோட்டார் வந்த பிறகு மோட்டார் கொட்டகையில் சும்மா கிடப்பது நிறைய. லிஸ்டர் வகை எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். இன்லெட், அழுத்தம், வெடிப்பு, புகை என்று நாலு ஸ்ட்ரோக்கையும் காதாலேயே எண்ணலாம். ஆர்சி வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். ஆனால் அந்த ஃப்ளைவீலின் எடையும், கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலும் அனுபவம் இல்லாதவன் கைக்கு ஆபத்து. வயலும் வயசான ஆப்பரேட்டரும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்.

சரி, எல்லோரும் சிரித்த எக்ஸ்எல் சூப்பருக்கு வருவோம். மதுரை அண்ணன் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஓசூரில் 1980இல் டிவிஎஸ் 50 ஆகத் தொடங்கிய வழி இது. எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி டூ ஸ்ட்ரோக். 2015இல் எக்ஸ்எல் 100 வந்து நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறியது. நமக்கு வேண்டியது அதற்கு முந்தையது. பால் கேனும் மீன் கூடையும் புல்லுக்கட்டும் சுமந்த வண்டி என்பதால் தமிழ்நாட்டில் பாகம் கிடைக்காத சந்தை ஊர் கிடையாது. சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த கிட் வேண்டுமா, கார்புரேட்டர் வேண்டுமா, கிளட்ச் ஷூ வேண்டுமா, கேட்டவுடன் கடைக்காரர் தலைக்கு மேல் கைநீட்டி எடுத்துக் கொடுப்பார். சைக்கிள் கடையோடு சேர்ந்த மெக்கானிக் கூடக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், கேட்டால் பொறுமையாகச் சொல்லியும் தருவார்.

எஞ்சின் வெறும் அடிப்படை. கியர் இல்லை. சென்ட்ரிஃபியூகல் கிளட்ச்: எஞ்சின் வேகம் ஏற ஏற ஷூக்கள் வெளிப்பக்கம் விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும், வேகம் குறைந்தால் ஸ்பிரிங் உள்ளே இழுக்கும். தனி ஆயில் பம்பு கிடையாது. பெட்ரோலிலேயே டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலைக் கலக்க வேண்டும். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. மறந்தால் எஞ்சின் போய்விடும் என்பதே முதல் ஒழுக்கம்.

முதல் தடவை ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பிஸ்டனை எடுக்கும் காரியத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கற்க வேண்டிய பாதி அதில் இருக்கிறது. ஹெட் நட்டுகளை ஒரேயடியாக ஒன்றைக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், குறுக்கு மறுக்காகக் கால் சுற்று, கால் சுற்றாக இளக்க வேண்டும். சிலிண்டரை உருவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, கிராங்க் கேஸின் வாயில் சுத்தமான துணியைச் செருகி அடைப்பது. அதன் பிறகுதான் பிஸ்டன் பின்னை நழுவாமல் பிடித்திருக்கும் சர்க்ளிப்பைத் தொடலாம். அந்தக் கிளிப் தெறித்து உள்ளே விழுந்தால் எஞ்சினையே பிளக்க வேண்டிவரும். எடுத்த கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். புதுக் கிளிப்பின் விலை டீக்கும் வடைக்கும் ஆகும் செலவுதான். பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருக்கும், அது சைலன்ஸர் வழியைப் பார்த்திருக்க வேண்டும். ரிங் உட்காரும் பள்ளத்தில் கடுகளவு ஊசி ஒன்று நிற்கும். ரிங்கின் இரண்டு முனையும் அந்த ஊசியை அணைத்தபடி இருக்க வேண்டும். அந்த ஊசி இல்லையென்றால் ரிங் சுற்றிச் சுற்றிப் போய், முனை போர்ட் ஓட்டையில் மாட்டி உடையும். ஊசியைக் கவனிக்காமல் சிலிண்டரை மேலிருந்து அழுத்தினால் ரிங் அப்போதே முறிந்துவிடும். இறங்க மறுத்தால் நிறுத்த வேண்டும், தட்டக் கூடாது. கைக்கு இந்த நிதானத்தை எக்ஸ்எல் கற்றுக்கொடுக்கும். தவறினாலும் போவது சில நூறு ரூபாய், ஒரு சாயங்காலம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கியர் பாக்ஸ் இல்லாததால் கியர் மாற்றும் ஷிஃப்ட் ஃபோர்க், டிரம், பல கிளட்ச் பிளேட் இதெல்லாம் பார்க்க முடியாது. வால்வு, அதைத் திறக்கும் கேம், கேமைச் சுற்றும் டைமிங் செயின் எதுவும் இல்லை. இன்று தெருவில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை நான்கு ஸ்ட்ரோக் என்பதால் எக்ஸ்எல்லோடு நின்றால் பாடம் பாதியில் நிற்கும். அதோடு பழைய டூ ஸ்ட்ரோக் புகையோடு பெட்ரோலின் ஒரு பங்கை எரிக்காமலே வெளியே விடும். அதைத் தினமும் ஊருக்குள் ஓட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

யார் காதிலும் விழாத ஸ்ப்ளெண்டர்தான் அந்த மீதிப் பாடம். 1994இல் வந்தது. 97.2 சிசி, போர் 50, ஸ்ட்ரோக் 49.5. அதற்கு முன்பே 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 எஞ்சினின் வாரிசு. பேஷன், டான் என்று பல பெயரில் அதே குடும்பம். ஒன்றின் பாகம் பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்தும். 2020க்குப் பிறகு வந்தவற்றில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். கற்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டியாகப் பாருங்கள். எஞ்சின் கிட்டத்தட்டப் படுத்தபடி தொங்கும், ஒருவரே இறக்கித் தரையில் வைத்துவிடலாம்.

இதில் எனக்குப் பிடித்த இடம் டைமிங் வைப்பது, அதாவது பிஸ்டனின் நகர்வோடு வால்வு திறக்கும் நேரத்தைப் பொருத்துவது. மேக்னட் மேல் ‘T’ என்று ஒரு கோடு இருக்கும், அதைக் கேஸில் இருக்கும் வெட்டுக்கு நேராக நிறுத்த வேண்டும். மேலே கேம் பல்சக்கரத்தில் ‘O’ குறி, அது ஹெட்டில் இருக்கும் வெட்டைப் பார்க்க வேண்டும். இரண்டும் நேரானால் செயினை மாட்டலாம். ஒரு பல் தள்ளினாலும் வண்டி கிளம்ப அடம் பிடிக்கும், கிளம்பினாலும் இழுக்காது. டாப்பெட், அதாவது வால்வின் இடைவெளி, பார்க்கும்போது இன்னொரு நுணுக்கம். ‘T’ நேரானால் மட்டும் போதாது. பிஸ்டன் வெடிப்பு ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கிறதா, புகை தள்ளும் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால் சரியான இடம். ஏதாவது ஒன்று இறுகியிருந்தால் மேக்னட்டை முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக்குக்கு கிராங்க் இரண்டு சுற்று, கேம் ஒரு சுற்று என்று படித்தது அந்த இடத்தில்தான் விரலுக்குப் புரியும்.

வலது பக்க கவரைத் திறந்தால் கிளட்சுக்குப் பக்கத்தில், கிராங்கோடு சேர்ந்து சுழலும் ஒரு வட்ட டப்பா இருக்கும். அதுதான் ஆயில் ஃபில்டர். காகிதம் கிடையாது, சுழலும் வேகத்தில் அழுக்கு ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் அதைத் திறந்தால் கறுப்புக் களிம்பு விரலளவு அப்பியிருக்கும். முந்தைய ஓனர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க அதைவிட நேர்மையான சாட்சி இல்லை. வால்வை லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, மாட்டி, போர்ட்டில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பதும் வீட்டிலேயே செய்யக்கூடியதுதான்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்துக்குத்தான் போக வேண்டும். எந்த வண்டியானாலும் பிஸ்டனை முதலில் வாங்கி அதைப் பட்டறைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, அதற்கேற்றபடி சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்கச் சொல்லுங்கள். 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன்கள் வருகின்றன. நேராகப் பெரிய அளவுக்குத் தாவினால் அந்த சிலிண்டரின் ஆயுளை நாமே குறைக்கிறோம்.

ஸ்ப்ளெண்டரின் பலவீனம், அது கெட்டுப்போவதே குறைவு. ஓடுகிற வண்டியாகவே கிடைக்கும், விலையும் குறையாது. ஓடுகிற வண்டியைப் பிரிக்க வீட்டில் விடமாட்டார்கள். ஒன்றுமே தெரியாத கைக்கு டைமிங் செயினும் அலுமினிய மரைகளும் கொஞ்சம் சீக்கிரம். அலுமினியத்தில் போல்ட்டைக் கூடுதலாக ஒரு இறுக்கு இறுக்கினால் மரை உரிந்து வந்துவிடும்.

ஆகவே தம்பி, என் ஓட்டு எக்ஸ்எல் சூப்பருக்கு. இப்போது எக்ஸ்எல், அதைக் கழற்றி மாட்டி அது சீராக ஓடிய பிறகு ஸ்ப்ளெண்டர். கிளட்ச் பிளேட் மாற்றவும் கார்புரேட்டர் கழுவவும் ஏற்கெனவே தெரிந்தவர்கள் எக்ஸ்எல்லைத் தாண்டி நேராக ஸ்ப்ளெண்டருக்குப் போகலாம். ஆர்எக்ஸ், புல்லட் இரண்டும் அதற்கு அப்புறம். அப்போது அவற்றின் அருமையும் கூடுதலாகத் தெரியும். சேலத்து நண்பர் இதைப் படித்துவிட்டு சண்டைக்கு வருவார். வரட்டும், ஆயில் சீல் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

முப்பதாயிரத்தையும் வண்டியில் போடாதே. பாதியைக் கருவிக்கு ஒதுக்கு. நல்ல ரிங் ஸ்பானர் செட், டி ஸ்பானர், சர்க்ளிப் பிளேயர், ஃபீலர் கேஜ், இம்பாக்ட் டிரைவர், அந்த வண்டிக்கே உரிய மேக்னட் புல்லர். புல்லர் இல்லாமல் மேக்னட்டைச் சுத்தியலால் தட்டி எடுப்பவர்களைப் பார்த்துப் பழகாதே, கிராங்க் வளையும். டார்க் ரெஞ்ச் விலை கூடுதல், என்னுடையதை அனுப்பிவைக்கிறேன், ஸ்ப்ளெண்டருக்குப் போகும்போது திருப்பிக் கேட்க மாட்டேன். பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், ஈரத்துணியால் துடைத்து எடு. பெட்ரோலில் பாகம் கழுவுவதை வீட்டுக்குள்ளே வைத்துக்கொள்ளாதே.

பேப்பர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. கழற்றத்தானே வாங்குகிறோம் என்று ஆர்சி இல்லாத வண்டியை எடுத்தால், அது திருட்டு வண்டியாக இருந்து போலீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீதான். எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார். நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ, கிரைண்டிங் தடமோ இருந்தால் திரும்பி வந்துவிடு. பெயர் மாற்றத்துக்கான 29, 30 இரண்டு படிவத்திலும் விற்பவர் கையெழுத்து வாங்கு. பதிவாகிப் பதினைந்து வருஷம் ஆன வண்டி என்றால் எஃப்சி என்ற தகுதிச் சான்றைப் புதுப்பித்திருக்கிறார்களா, அடுத்தது எப்போது என்று கேள். அதன்பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்கும்படி சொல்லி வை. முன்பே சூடேற்றி வைத்த வண்டி எல்லாக் குறையையும் மறைக்கும். கிளப்பி, கையைச் சைலன்ஸர் வாய்க்குக் கொஞ்சம் தள்ளிப் பிடி. காற்று விட்டுவிட்டுத் தாராளமாக வர வேண்டும். மந்தமாக வந்து, முறுக்கினாலும் எஞ்சின் மூச்சு முட்டினால் சைலன்ஸருக்குள்ளும் எக்சாஸ்ட் வழியிலும் கரி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பல பேர் எஞ்சினே போய்விட்டது என்று நினைத்துக் காயலான் கடை விலைக்குத் தள்ளிவிடும் வண்டி இப்படிப்பட்டதுதான். சிலிண்டரை இறக்கி, பிஸ்டனைக் கீழே வைத்துக்கொண்டு, எக்சாஸ்ட் வழியில் படிந்த கரியை மரக்குச்சியால் சுரண்டி எடுப்பது ஒரு சாயங்கால வேலை. இரும்புக் கருவி மட்டும் வேண்டாம், சுவரில் கோடு விழும். அப்படியொரு வண்டி கண்ணில் பட்டால் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் இன்னும் ஐநூறு குறைத்துக் கேள்.